ஹாண்டிலை ஒழித்த கெட்டரிங்

குளிர் காலத்து விடியற்காலையில் கார் கிளப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு படுத்தும் என்று. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி லேசில் உயிர் பெறாது. உயிர் பெற்றாலும் இஞ்சின் சீராக ஓடாது. உதறும், முனகும், நாலு வெடி வெடித்துவிட்டு நின்றுவிடும். சற்றுச் சூடேறிய பிறகுதான் வழிக்கு வரும்.

இன்று இது சிறு தொந்தரவு. ஆசனத்தில் உட்கார்ந்தபடியே சாவியை மறுபடி திருகலாம். பொத்தானை மறுபடி அழுத்தலாம். 1912-ஆம் ஆண்டுக்கு முன்பு அப்படி இல்லை. இதே காரியத்தில் கை முறிந்தவர்கள் உண்டு. தாடை உடைந்தவர்கள் உண்டு. உயிரையே விட்டவர்களும் உண்டு!

அந்த ஆபத்தை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அவரால் உலகத்துக்கு விளைந்த நன்மை பெரிது. அவரால் விளைந்த தீமையும் சிறிதல்ல. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருடைய கதை கதையாகும்.

காலை நேரச் சித்திரவதை

அந்தக் காலத்துக் காரைக் கிளப்புவது எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம்.

காருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு துவாரம் இருக்கும். அதில் வளைந்த இரும்பு ஹாண்டிலைச் செருகி, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். கோடைக் காலத்தில் நாலைந்து சுற்றில் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் வடக்கு மாகாணங்களில், தண்ணீர் உறையும் குளிரில், அரை மணி நேரம் சுற்றினாலும் வண்டி அசைந்து கொடுக்காது.

இதற்குக் காரணங்கள் உண்டு. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் எரியும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. கார்புரேட்டரிலிருந்து துளித்துளியாகப் போய், குளிர்ந்த குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயோ பாகு போல் கெட்டிப்பட்டு, இஞ்சினைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். கையால் மெதுவாகச் சுற்றினால் மாக்னெட்டோவில் பலமான பொறி பிறக்காது. ஆக, ஆவி குறைவு, சுழற்சி குறைவு, பொறியும் குறைவு!

ஓட்டிகள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிளக்குகளைக் கழற்றி அடுப்பில் சூடு காட்டினார்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றினார்கள். சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை அதிகமாக உள்ளே விட்டார்கள். அளவு கொஞ்சம் மிஞ்சினால் பிளக் நனைந்துவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இவையெல்லாம் சங்கடங்கள். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. பிஸ்டன் மேல் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழுந்துவிட்டால், வெடிப்பு அதைப் பின்னோக்கித் தள்ளிவிடும். அப்போது ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் துள்ளும். பிடித்திருந்தவன் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். இதைத் தவிர்க்கத்தான் பொறி விழும் நேரத்தைப் பிந்தி வைக்க, ஸ்டீயரிங் அருகே ஒரு நெம்புகோல் வைத்திருந்தார்கள். அதை மறந்துவிட்டுச் சுற்றப் போனவன் பாடு அதோகதிதான். ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த நாளில் கார் ஓட்டக் கற்பவனுக்கு முதல் பாடம். துள்ளினால் கட்டை விரலாவது தப்புமே!

டெட்ராயிட் நகரத்தில் பைரன் கார்ட்டர் என்ற கார்த் தயாரிப்பாளர் இருந்தார். நடுவழியில் நின்றுபோன ஒரு பெண்மணியின் காருக்கு ஹாண்டில் சுற்ற அவர் உதவப் போனதாகவும், அது துள்ளித் தாடையில் அடித்ததாகவும், அந்தக் காயத்தின் விளைவாகவே இறந்ததாகவும் மோட்டார் உலகில் நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. சொல்கிறவர்களுக்குத் தக்கபடி நாளும் இடமும் மாறும். கார்ட்டர் 1908-ஆம் ஆண்டு காலமானார் என்பது உண்மை. அவருடைய நண்பரும், காடிலாக் கம்பெனியின் தலைவருமான ஹென்றி லீலண்டு, ஹாண்டில் என்ற சனியனைத் தம் வண்டியிலிருந்து ஒழித்தே தீர்வது என்று முடிவு செய்ததும் உண்மை. அந்த வேலைக்கு லீலண்டுக்குக் கிடைத்த ஆள்தான் கெட்டரிங்.

பார்வை மங்கிய மாணவன்

1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, ஒஹையோ மாகாணத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் கெட்டரிங் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் நாலாவது. குடியானவக் குடும்பம். பசிக்குக் குறைவில்லை, செல்வமும் இல்லை.

படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் கண் பார்வை மோசம். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தால் தலைவலி வந்துவிடும். சில காலம் கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து பணம் சேர்த்துக்கொண்டு, ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் சேர்ந்தார். கண் நோய் அங்கேயும் விடவில்லை. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு வெளியேறினார்.

வாலிபர் மனம் உடைந்து போனதில் ஆச்சரியம் இல்லை. டெலிபோன் கம்பெனி ஒன்றில் கம்பம் நடும் கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்தார். வெயிலிலும் மழையிலும் குழி தோண்டினார். திறந்த வெளி வேலை தேகத்துக்கும் மனத்துக்கும் தெம்பு கொடுத்தது. கூலியாளாகச் சேர்ந்தவர் கோஷ்டித் தலைவரானார். டெலிபோன் கம்பியில் கோளாறு என்றால் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பயன் இல்லை. கம்பம் கம்பமாக நடந்து, அறுந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் உண்டு. பிற்காலத்தில் விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்தபோதும் அவர் வேலை செய்த முறை இதுவேதான்.

மறுபடி சர்வகலாசாலைக்குத் திரும்பினார். உடன் படித்தவர்கள் பாடத்தை உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டார். 1904-ல் மின்சார இஞ்சினியர் பட்டம் பெற்றபோது அவருக்கு ஏறத்தாழ 28 வயது. மறு ஆண்டு ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணை மணந்தார்.

கல்லாப் பெட்டியில் கிடைத்த பாடம்

முதல் உத்தியோகம் டேட்டன் நகரத்தில், நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் பணம் போட்டு எடுக்கும் இயந்திரக் கல்லாப் பெட்டி செய்யும் கம்பெனி அது. பெட்டியை இயக்க ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. அதை மின்சாரத்தால் இயங்கச் செய்யும்படி கெட்டரிங்கிடம் ஒப்படைத்தார்கள்.

பெட்டியின் பாகங்களைச் சட்டென்று அசைக்கப் பலம் வேண்டும். அந்தப் பலத்துக்குத் தக்க மோட்டார் வைத்தால் பெட்டி தூக்க முடியாத பாரமாகிவிடும். கெட்டரிங் இதை வேறு விதமாக யோசித்தார். பலம் எவ்வளவு நேரத்துக்குத் தேவை? ஒரு கண நேரத்துக்கு. நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்குத்தானே அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது? ஒரு கணம் பாரம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும் சின்ன மோட்டார், சூடாகிக் கருகுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுமே! 1906-ல் மின்சாரக் கல்லாப் பெட்டி வெளிவந்தது.

கம்பெனியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் எட்வர்டு டீட்ஸ். இருவருக்கும் கார் மோகம். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அலுவலக நேரம் போக, இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே கூடி வேலை செய்தார்கள். கம்பெனி நண்பர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். ‘கொட்டகைக் கோஷ்டி’ என்றே இவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

முதலில் எடுத்துக்கொண்டது பொறியை. அன்றைய பாட்டரிப் பொறி அமைப்பு, ஒரு வெடிப்புக்கு ஒரு பொறி போதும் என்ற இடத்தில் பொறிகளை மழையாகப் பொழிந்து பாட்டரியைத் தின்று தீர்த்தது. கெட்டரிங்கின் அமைப்பு ஒரே பொறி கொடுத்தது, பலமான பொறி. வேண்டிய கணத்தில் விழுந்தது. இஞ்சினை மெதுவாகச் சுற்றினாலும் பொறியின் பலம் குறையவில்லை. ஹென்றி லீலண்டு அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்க ஒப்புக்கொண்டார். 1909-ல் கெட்டரிங் நிலையான சம்பளத்தை உதறிவிட்டு வெளியே வந்தார். அவரும் டீட்ஸும் தொடங்கிய கம்பெனிக்கு டெல்கோ என்று பெயர்.

முடியாது என்றார்கள்

லீலண்டின் அடுத்த கேள்வி ஹாண்டிலைப் பற்றியது. மின்சாரத்தால் இஞ்சினைச் சுழற்ற முடியுமா?

முடியாது என்றுதான் நிபுணர்கள் சொன்னார்கள். கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குளிர்ந்து இறுகிய இஞ்சினைச் சுழற்றும் மோட்டாரும் அதற்கு வேண்டிய பாட்டரியும், காருக்குச் சமமான எடை இருக்கும் என்றார்கள். வேறு சிலர் அழுத்திய காற்றையும், சுருள்வில்லையும், அசிட்டிலின் வாயுவையும் வைத்து முயன்று பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை.

நிபுணர்களின் கணக்கில் தப்பு இல்லை. அவர்கள் போட்டது நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்கான கணக்கு. கெட்டரிங்கின் மனத்திலோ கல்லாப் பெட்டி இருந்தது. இஞ்சினைச் சுழற்ற வேண்டியது சில விநாடிகள். பிறகு அது தானே ஓடப் போகிறது. அந்தச் சில விநாடிக்கு ஒரு சிறு மோட்டாரைக் கசக்கிப் பிழியலாம்!

அதோடு அவர் நிற்கவில்லை. கிளப்பி முடித்த மோட்டார் சும்மா ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை இஞ்சின் சுழற்றட்டும். அப்போது அது டைனமோவாக மாறி, தான் செலவழித்த மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். அதே பாட்டரியிலிருந்து பொறியும் விளக்கும் எரியட்டும். கிளப்பும்போது பாட்டரியின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 24 வோல்ட் தரும். கிளம்பிய பின் பக்கவாட்டில் இணைந்து 6 வோல்ட்டாகிவிடும். காரியம் கேட்க எளிதாக இருக்கிறது. கொட்டகைக் கோஷ்டி இரவு பகலாகப் பாடுபட்டுத்தான் அதைச் சாதித்தது.

1911 பிப்ரவரியில் ஒரு காடிலாக் வண்டியில் பொருத்திக் காட்டினார்கள். ஹாண்டில் இல்லாமல் வண்டி கிளம்பிற்று! ஜூன் 17-ந் தேதி பேட்டன்ட் உரிமைக்கு மனுச் செய்தார். 1912-ஆம் ஆண்டு மாடலாக வந்த காடிலாக் வண்டிகள், ஏறத்தாழ 14,000, அனைத்தும் இந்த அமைப்போடு வெளிவந்தன.

ஹாண்டில் சுற்றப் பலம் இல்லாதவர்களும் கார் ஓட்டலாம் என்றாயிற்று. பெண்கள் பெருவாரியாக ஓட்டத் தொடங்கினார்கள். சுற்றாமலே கிளம்பும் என்ற பெருமையோடு நகரங்களில் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரக் கார்களுக்கு இறங்குமுகம் ஆரம்பித்தது. பெட்ரோல் வண்டியைக் கிளப்ப வந்த மின்சாரம், மின்சார வண்டியையே வீட்டுக்கு அனுப்பியது வேடிக்கைதான். பெரிய முதலாளியான ஹென்றி ஃபோர்டு மட்டும் அவசரப்படவில்லை. அவருடைய மாடல் டி வண்டிக்கு மின்சாரக் கிளப்பி வந்தது 1919-ல். அது வரையில் லட்சக்கணக்கான ஃபோர்டு சொந்தக்காரர்கள் குளிரில் ஹாண்டிலோடு மல்லுக்கட்டிக் கொண்டுதான் இருந்தார்கள்.

பழி வந்து சேர்ந்தது

டெல்கோ கம்பெனி கைமாறி, 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரும் ஸ்தாபனத்தில் ஐக்கியமாயிற்று. 1920-லிருந்து 1947-ல் ஓய்வு பெறும் வரையில் அதன் ஆராய்ச்சிப் பகுதிக்குக் கெட்டரிங்தான் தலைவர். கோடீஸ்வரராகிவிட்டார். ஆனாலும் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பதுதான் அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

இதற்கிடையில் அவர் தலையில் ஒரு பழி விழுந்திருந்தது. மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் சில இஞ்சின்களுக்குள் சுத்தியலால் தட்டுவது போல் ஒரு சத்தம் கேட்டது. பலம் குன்றியது. கெட்டரிங்கின் பாட்டரிப் பொறிதான் இதற்குக் காரணம் என்று போட்டியாளர்கள் சொன்னார்கள். நிரபராதி என்று காட்ட வேண்டுமானால் குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும். 1916-ல் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் துப்புத் துலக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

பொறி முந்தி விழுவதால் சத்தம் வருகிறது என்பது பொதுவான நம்பிக்கை. சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று மிட்ஜ்லி அளந்து பார்த்தார். பொறி தன் நேரத்தில் ஒழுங்காகத்தான் விழுந்தது. அதன் பிறகு, எரியாமல் மிச்சமிருந்த வாயு ஒரேயடியாக வெடித்தது. குற்றவாளி பொறி அல்ல, பெட்ரோல்!

அப்படியானால் பெட்ரோலுக்கு மருந்து உண்டா? இங்கே கெட்டரிங் செய்த ஊகம் ஒன்று ரசமானது. பனிக் காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு செடி அவர் ஊர்ப் பக்கத்தில் உண்டு. அதன் இலையின் சிவப்பு நிறம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால்தான் அது குளிரில் பூக்கிறதோ என்று நினைத்தார். பெட்ரோலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றினால் வெப்பத்தை வாங்கிச் சீக்கிரம் ஆவியாகுமே! மிட்ஜ்லி தேடியபோது சாயம் கிடைக்கவில்லை, அயோடின் கிடைத்தது. கலந்து ஓட்டினார், சத்தம் நின்றது. பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊகம் முழுத் தவறு. ஆனால் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் சத்தத்தை அடக்கும் வஸ்துக்கள் உலகில் உண்டு என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது.

அயோடின் விலை அதிகம். அனிலின், செலினியம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டெலூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் தொட்டவர்கள் மேலிருந்து வீசிய நாற்றத்தில் வீட்டார் பக்கத்தில் வரவில்லை. கடைசியில் 1921 டிசம்பர் 9-ந் தேதி, ஈயம் கலந்த ஒரு திரவத்தை ஊற்றினார்கள். டெட்ரா எத்தில் லெட் என்று அதற்குப் பெயர். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். சத்தம் அடியோடு நின்றது.

புதிய உபத்திரவம் ஒன்று முளைத்தது. எரிந்த ஈயம் பிளக்கிலும் வால்விலும் படிந்து இஞ்சினைக் கெடுத்தது. விடுவாரா கெட்டரிங்? புரோமின் கலந்த ஒரு ரசாயனத்தை உடன் சேர்த்தால் ஈயம் படியாமல் புகையோடு வெளியே போய்விடும் என்று கண்டுபிடித்தார்கள். புரோமின் போதவில்லை என்றதும் கடல் நீரிலிருந்தே அதைப் பிரிக்க ஏற்பாடு செய்தார்கள். இஞ்சினுக்கு வந்த நோய் முற்றும் தீர்ந்தது. ஈயம் புகைக் குழாய் வழியே தெருவுக்குப் போயிற்று.

தெருவில் போன ஈயம் என்னவாகும்? எந்தக் கோளாறையும் அறுந்த இடம் வரை நடந்து போய்த் தொட்டுப் பார்க்கும் மனிதர், இந்த இடத்தில் நடையை நிறுத்திவிட்டார்.

ஈயம் விஷம் என்பது புதிய செய்தி அல்ல. பண்டைய ரோமாபுரியிலேயே தெரிந்த விஷயம். மிட்ஜ்லியே அந்த நச்சுக்கு ஆளாகி, 1923 தொடக்கத்தில் வேலையை விட்டு ஓய்வெடுக்கப் போக நேர்ந்தது. அதே பிப்ரவரி மாதம் டேட்டனில் விற்பனை தொடங்கியது. ‘எத்தில்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. 1924-ல் இதற்கென்று ஏற்பட்ட எத்தில் கம்பெனிக்குக் கெட்டரிங் முதல் தலைவர். அந்த அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவம் தயாரித்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. கண்டதைப் பிடிக்கக் கையை வீசினார்கள், அலறினார்கள். ஐந்து பேர் செத்துப் போனார்கள். டேட்டனிலும், டீப்வாட்டர் என்ற இடத்து ஆலையிலும் வேறு சிலர் பலியாகியிருந்தார்கள்.

விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசாங்க சுகாதாரத் தலைவர் மாநாடு கூட்டினார். கெட்டரிங் கம்பெனி தரப்பில் பேசினார். பெட்ரோல் சிக்கனத்துக்கு இது இன்றியமையாதது என்பது அவர் வாதம். தொழில் நோய்களில் புகழ் பெற்ற டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். ஆலைக்குள் மட்டும் பத்திரமாக இருந்தால் போதாது. தெருவில் நடப்பவன் கதி என்ன என்பது அவர்களுடைய கேள்வி. சாராயம் கலந்த பெட்ரோலும் சத்தத்தை அடக்கும் என்று கெட்டரிங்கின் ஆராய்ச்சிசாலைக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் 1926-ல், தடை செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. மேலும் ஆராய வேண்டும் என்றும் அதே குழு சொல்லியிருந்தது. அந்த ஆராய்ச்சியில் பெரும் பகுதி பிற்பாடு கம்பெனிகளின் பணத்திலேயே நடந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் கார்கள் ஈயப் புகை விட்டன. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பது பின்னாளில் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய குறைப்பு, 1996-ல் சாலை வண்டிகளுக்கு முழுத் தடையாக முடிந்தது. இந்தியா 2000-ல் நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

அறியாமல் செய்தார் என்று கெட்டரிங்குக்காக வாதாட இடம் இல்லை. எச்சரித்தவர்கள் அவர் முன்னிலையிலேயே எச்சரித்தார்கள்.

தோற்றுப் போன தாமிர வண்டி

கெட்டரிங்கைத் தோல்வி தெரியாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. குளிர் காலத்தில் ரேடியேட்டர் நீர் உறைந்து இஞ்சின் வெடித்துப் போவது அந்நாளில் சகஜம். ராத்திரியானால் நீரை வடித்துவிட்டுப் படுப்பார்கள். நீரே இல்லாமல், தாமிரத் தகடுகள் வழியே காற்றால் குளிரும் இஞ்சினைச் செய்துவிட்டால் தொல்லை விட்டதல்லவா? 1923-ல் செவ்ரலே பெயரில் அந்த வண்டி வந்தது. குளிருக்கு அஞ்சாத இஞ்சின் சூட்டில் மக்கர் செய்தது. வெயிலில் ஓடினால் பலம் குறைந்தது, தட்டியது. செய்த 759 வண்டிகளில் சுமார் நூறுதான் ஜனங்கள் கைக்குப் போயிருந்தன. அத்தனையையும் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள். மனம் நொந்த கெட்டரிங் ராஜிநாமாச் செய்யத் துணிந்தார். கம்பெனித் தலைவர் ஆல்ஃபிரெடு ஸ்லோன் சமாதானம் சொல்லி நிறுத்தி வைத்தார்.

ரயில்களுக்கு டீசல் இஞ்சின் செய்ததில் அவருக்குக் கிடைத்த வெற்றிக்கு முன்னாலும் இதே மாதிரி தலைவேதனைதான். பிஸ்டன் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று இஞ்சினியர்கள் காகிதத்தில் சண்டை போட்டால், பல வடிவில் செய்து வரிசையாக இஞ்சினில் போட்டு ஓட்டச் சொல்வார். எது தாங்குகிறது என்று இஞ்சின் தீர்ப்புச் சொல்லட்டும்! 1933-ல் சிக்காகோ கண்காட்சியில் வைத்த இரண்டு டீசல் இஞ்சின்களில், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி ஒன்றுதான் கோளாறு இல்லாமல் வேலை செய்தது என்று, அவற்றோடு போராடிய அவர் மகன் யூஜீன் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பது உண்டு. மறு ஆண்டு மே 26-ந் தேதி, டீசலால் ஓடிய ஸெஃபிர் ரயில் டென்வரிலிருந்து சிக்காகோவுக்கு ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தை 13 மணி 5 நிமிஷத்தில் ஒரே ஓட்டமாக ஓடி முடித்தது. நீராவி ரயிலுக்கு நாள் எண்ணத் தொடங்கியது அன்றுதான்.

கடைசி நாட்கள்

கார்களுக்குச் சீக்கிரம் உலரும் வர்ணம், குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயு என்று அவருடைய ஆராய்ச்சிசாலையிலிருந்து வந்தவை பல. அந்த வாயுவும் நல்ல பெயரோடு வந்து, வானத்து ஓசோன் படலத்தைத் தின்றதாகப் பின்னால் குற்றம் சாட்டப்பட்டது தனிக் கதை.

புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 1945-ல் நியூயார்க்கில் ஏற்பட்ட ஸ்லோன்-கெட்டரிங் நிலையத்தில் அவருடைய பெயரும் சேர்ந்தது. மறு ஆண்டு மனைவி ஆலிவ் காலமானார். ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. டேட்டன் அருகே அவர் வீடு இருந்த பகுதி 1955-ல் நகரமாக உயர்ந்தபோது, அதற்குக் கெட்டரிங் என்ற பெயரே நிலைத்திருந்தது.

புல் ஏன் பச்சையாக இருக்கிறது என்ற கேள்வி அவரை வெகு நாளாகப் பிடித்து ஆட்டியது. சூரிய ஒளியைப் புல் எப்படி உணவாக்கிக் கொள்கிறது என்று தெரிந்துவிட்டால், பெட்ரோலுக்கே அவசியம் இல்லாமல் போகலாம் என்று எண்ணினார். அந்த ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் தம் சொந்தப் பணத்தைக் கொட்டினார். 1958 நவம்பர் 25-ந் தேதி டேட்டனில் அவர் காலமானபோது அவருக்கு 82 வயது. புல்லைப் பற்றிய ஆராய்ச்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது.